கிணற்றுத் தோட்டத்தை விற்க வேண்டாம்: பேரையூர் பக்கத்துத் தாய்க்கு ஒரு பதில்

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. நாலு வயதிலிருந்தே அடிக்கடி விழுவான், தரையிலிருந்து எழும்போது தொடையில் கை ஊன்றித்தான் நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் நல்ல திரட்சியாக இருக்கும். முதலில் கல்லீரல் கோளாறு என்று ஒரு வருடம் மருந்து கொடுத்தார்கள். இப்போது மதுரையில் பார்த்ததில் ரத்தத்தில் சிபிகே அளவு 14,000 இருக்கிறது, டுஷென் தசைச் சிதைவு என்கிறார்கள். ஸ்டீராய்டு மாத்திரை நாலு மாதம் கொடுத்தோம், முகம் உப்பிப் போனதால் போன வாரம் நிறுத்திவிட்டோம். ஜீன் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார்கள், இன்னும் எடுக்கவில்லை. வெளியூரில் ஸ்டெம்செல் ஊசி நாலு தவணை போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார், லட்சக்கணக்கில் ஆகும், வீட்டுக்காரர் கிணற்றுத் தோட்டத்தை விற்றுவிடலாம் என்கிறார். அத்தை மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேசுகிறார்கள். அத்தையோ, எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை, இது உன் அம்மா வீட்டு வழி என்கிறார். எனக்கு 13 வயதில் ஒரு மகளும் உண்டு, தங்கச்சிக்கு வேறு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பயிற்சிக்காகப் பையனைத் தினமும் மாடிப்படி ஏறி இறங்க வைக்கிறோம், பழனிக்கு நடத்திக் கூட்டி வருவதாக வேண்டுதலும் இருக்கிறது. எலிகளுக்கு இந்த நோய் குணமாகிவிட்டதாகப் படித்தேன். நீங்கள் தசை செல் ஆராய்ச்சி செய்கிறவர், என் பையனுக்கு எப்போது வரும்?

பதில்: வணக்கம்மா. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அந்த ஸ்டீராய்டு மாத்திரை. நாலு மாதம் தினமும் கொடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. நம் உடம்புக்கு வேண்டிய ஸ்டீராய்டைச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற அட்ரீனல் சுரப்பி தானாகவே சுரக்கும், வெளியிலிருந்து மாத்திரை போய்க்கொண்டே இருந்தால் அது சுரப்பதைக் குறைத்துவிடும், மாத்திரை நின்ற மறுநாளே பழையபடி சுரக்க ஆரம்பித்துவிடாது. அந்த இடைவெளியில் ஒரு காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் ரத்த அழுத்தம் இறங்கிக் குழந்தை மயங்கி விழலாம். அதனால் இதைப் படித்த கையோடு, மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டருக்குப் போன் செய்து நிறுத்திவிட்ட விஷயத்தைச் சொல்லுங்கள். பையன் துவண்டு படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மயக்கம் வந்தாலோ நடு ராத்திரியானாலும் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், போனதும் முதல் பேச்சாக "நாலு மாதம் ஸ்டீராய்டு சாப்பிட்டவன், நிறுத்தி ஒரு வாரம் ஆகிறது" என்று சொல்லுங்கள்.

நான் டாக்டர் இல்லை, மதுரையில் ஓர் ஆய்வகத்தில் தசை செல்களை வளர்த்து ஆராய்கிறவள். எந்த மாத்திரை, எத்தனை மில்லிகிராம் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் உங்கள் பையனின் தசைக்குள் என்ன நடக்கிறது, அதற்கு இந்த மாத்திரை ஏன், அந்த ஊசி ஏன் வேண்டாம் என்பதை நான் சொல்லலாம், அதைத்தான் இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு தசை நாரும் நீளமான ஒரே செல். அதைச் சுற்றி மெல்லிய சவ்வு. தசை சுருங்கி விரியும் ஒவ்வொரு முறையும் அந்தச் சவ்வு இழுபடும். இழுபட்டும் கிழியாமல் இருப்பதற்கு, நாருக்குள்ளே இருக்கிற இழைகளையும் சவ்வையும் பிணைத்துப் பிடிக்கிற ஒரு புரதம் இருக்கிறது, டிஸ்ட்ரோஃபின் என்று பெயர். இந்த நோயை 1860-களிலேயே பிரெஞ்சு மருத்துவர் டுஷென் விவரமாக எழுதிவிட்டார், ஆனால் காரணம் தெரிய நூறு வருடத்துக்கு மேல் ஆனது. 1986-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் லூயி குன்கெல் குழுவினர் ஜீனைப் பிடித்தார்கள், அடுத்த வருடமே புரதத்தையும் கண்டுபிடித்துப் பெயர் வைத்தார்கள். உங்கள் பையனின் தசையில் இந்தப் புரதம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அதனால் நடந்தாலும் ஓடினாலும் சவ்வில் சின்னச் சின்னக் கிழிசல்கள் விழுகின்றன, அவற்றின் வழியாகக் கால்சியம் தாறுமாறாக உள்ளே போய் நாரையே செரிக்கிற நொதிகளைத் தூண்டிவிடுகிறது, தசைக்கு உள்ளே இருக்க வேண்டிய சிபிகே என்கிற நொதி ரத்தத்துக்கு வருகிறது. 14,000 வந்தது அப்படித்தான். இருநூறை ஒட்டி இருக்க வேண்டிய அளவு அது.

தசை செத்தால் புதிதாக முளைக்காதா? முளைக்கும். நார்களின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சும்மா கிடக்கிற செல்கள் உண்டு, 1961-ல் அலெக்சாண்டர் மௌரோ தவளைத் தசையை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டவை, சாட்டிலைட் செல் என்போம். காயம் பட்டால் விழித்துப் பெருகி, ஒன்றோடொன்று இணைந்து புது நார் ஆகும். தட்டில் வளர்க்கும்போது இதை நான் கண்ணால் பார்க்கிறேன், தனித்தனியாகக் கிடந்த செல்கள் வரிசை கட்டிச் சேர்ந்து நீள நாராகிச் சில நாளில் துடிக்கவே ஆரம்பித்துவிடும். நீங்கள் விவசாயம் பார்க்கிற குடும்பம், உங்களுக்கு இப்படிச் சொன்னால் புரியும்: அது விதைக்கு எடுத்து வைத்த தானியம் மாதிரி. விளைந்த பயிர் ஒவ்வொரு தடவையும் சாய்ந்து போனால் திரும்பத் திரும்பக் குதிரிலிருந்து எடுத்து விதைக்க வேண்டியிருக்கும், ஒரு நாள் குதிர் காலியாகிவிடும். உங்கள் பையனுக்குப் பிறந்ததிலிருந்து இதுதான் நடக்கிறது. புதிதாக வருகிற நாரிலும் டிஸ்ட்ரோஃபின் இல்லை, அதுவும் கிழிகிறது. நார் இருந்த இடத்தைக் கொழுப்பும் தழும்புத் திசுவும் பிடித்துக்கொள்கின்றன. கெண்டைக்கால் திரட்சியாகத் தெரிவதில் பெரும்பங்கு அந்தக் கொழுப்பும் தழும்பும்தான், பலத்தின் அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஸ்டீராய்டு இந்தக் கிழிசலை அடைக்காது. கிழிந்த இடத்தில் நோய் எதிர்ப்புச் செல்கள் மொய்த்து அழற்சியை வளர்ப்பதைக் குறைக்கும், சேதம் மெதுவாகும். நடக்கிற காலம் இரண்டு மூன்று வருடமாவது நீள்கிறது, மூச்சுக்கும் முதுகெலும்புக்கும் நல்லது என்று பல நாடுகளில் பார்த்து உறுதியானதால்தான் கொடுக்கிறார்கள். முகம் உப்புவது, பசி எடுத்துக்கொண்டே இருப்பது, எடை ஏறுவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் உண்மைதான், ஆனால் அளவைக் குறைக்கவும், மாத்திரையையே மாற்றவும், வேறு மாதிரி இடைவெளி விட்டுக் கொடுக்கவும் வழிகள் இருக்கின்றன. முகம் உப்பியதைத் தாங்க முடியவில்லை என்று டாக்டரிடமே சொல்லுங்கள். சோறையும் இனிப்பையும் குறைத்து முட்டை, பயறு, கீரை கூட்டுங்கள், இந்தப் பையன்களுக்கு ஏறுகிற ஒவ்வொரு கிலோவும் கால் சுமக்க வேண்டிய பாரம்.

கல்லீரலுக்கு ஒரு வருடம் மருந்து சாப்பிட்டான் என்று படித்தபோது மனசு கஷ்டமாக இருந்தது, இந்தக் கதையை நான் கேட்பது முதல் தடவை இல்லை. கல்லீரல் டெஸ்டில் பார்க்கிற எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்கிற நொதிகள் இரண்டும் கல்லீரலில் இருப்பது போலவே தசையிலும் இருக்கின்றன, தசை உடைந்தாலும் ரத்தத்தில் ஏறும். ஜிஜிடி என்று இன்னொன்று உண்டு, அது தசையிலிருந்து வராது, அதனால் அது கூடாமல் இவை இரண்டும் மட்டும் கூடியிருந்தால் தசையைச் சந்தேகிக்க வேண்டும். இதைப் படிக்கிற மற்ற பெற்றோர்களுக்காகச் சொல்கிறேன்: ஆண் குழந்தை நடக்கப் பிந்தினாலோ, அடிக்கடி விழுந்தாலோ, படி ஏறத் திணறினாலோ, மஞ்சள் காமாலை எதுவும் இல்லாமல் இந்த இரண்டு அளவு மட்டும் கூடியிருந்தாலோ, "சிபிகே ஒரு தடவை பார்த்துவிடலாமா டாக்டர்" என்று கேளுங்கள். செலவு குறைந்த ரத்தப் பரிசோதனை, அதற்குள் கீழாநெல்லியும் பத்தியமுமாக வருடங்களை ஓட்ட வேண்டாம்.

சரி, ஸ்டெம்செல் ஊசி. ஸ்டெம்செல் என்றால் வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல். தோட்டத்தை விற்காதீர்கள். பெரும்பாலும் இப்படி விற்கப்படுவது பையனின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து, அதில் செல்களைப் பிரித்து, அவனுக்கே திருப்பிச் செலுத்துவது. அந்தச் செல்களிலும் இருப்பது அதே பழுதான ஜீன். அவை எல்லாமே தசையாக மாறிவிட்டன என்றே வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தசையிலும் டிஸ்ட்ரோஃபின் இருக்காது, அதுவும் கிழியும். வேறு ஆள் செல் என்று சொன்னாலும் கதை பெரிதாக மாறாது. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவிலும் கனடாவிலும், நோயில்லாத உறவினர்களின் தசை செல்களை எடுத்து இந்தப் பையன்களின் தசைக்குள் செலுத்திப் பார்த்தார்கள், ஒழுங்கான ஆராய்ச்சியாகவே செய்தார்கள். செலுத்திய செல்களில் பெரும்பகுதி சில நாளிலேயே செத்தது, மிஞ்சியவை ஊசி குத்திய இடத்தை விட்டு நகரவில்லை, பையன்களுக்குப் பலம் கூடவில்லை. நம் உடம்பில் அறுநூறுக்கும் மேல் தசைகள், அதோடு மூச்சுக்கான உதரவிதானம், இதயம். எத்தனை ஊசி போட்டு அத்தனைக்கும் சேர்ப்பது? ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால் பெரும்பாலான செல்கள் நுரையீரலிலேயே சிக்கிக்கொள்ளும்.

ஆனால் அங்கே போய் வந்தவர்கள் நல்லா இருக்கிறது என்கிறார்களே என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். இந்த நோயில் நாலு வயதிலிருந்து ஏழு வயதுவரை, வளர்ச்சியின் வேகம் சிதைவை முந்துவதால், எந்த மருந்தும் இல்லாமலே பிள்ளைகள் கொஞ்சம் தேறுவார்கள், அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் அதனால் தேறியது போலத் தெரியும். "சிபிகே 14,000-லிருந்து 6,000 ஆகிவிட்டது பாருங்கள்" என்று ரிப்போர்ட்டைக் காட்டுவார்கள். சிபிகே வயது ஏற ஏறத் தானாகவே இறங்கும், ஏனென்றால் உடைவதற்குத் தசையே குறைந்துகொண்டு வருகிறது. அது குறைந்ததைக் குணம் என்று காட்டிக் காசு வாங்குவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் வருட வழிகாட்டுதல் தெளிவாக இருக்கிறது: ரத்த நோய்கள் போன்றவற்றுக்குச் செய்கிற, ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம்செல் மாற்று தவிர மற்றதெல்லாம் ஆராய்ச்சிக் கட்டத்தில்தான் இருக்கிறது, அதைச் சிகிச்சை என்று விற்கக் கூடாது. உண்மையான ஆராய்ச்சி என்றால் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு எண் இருக்கும், உங்களிடம் பணம் கேட்க மாட்டார்கள். போனில் பேசுகிறவரிடம் பதிவு எண்ணையும், ஏன் கட்டணம் என்பதையும் கேளுங்கள்.

செலவு செய்ய வேண்டியது ஜீன் டெஸ்டுக்கு. ரத்தம் எடுத்தால் போதும். முதலில் எம்எல்பிஏ என்று ஒன்று செய்வார்கள். இந்த ஜீன் சுமார் 22 லட்சம் டிஎன்ஏ எழுத்து நீளம், மனித ஜீன்களில் மிகப் பெரியவற்றில் ஒன்று, அதில் புரதத்துக்கான செய்தி 79 துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது, ஒவ்வொன்றும் ஓர் எக்ஸான். பத்தில் ஏழு பையன்களுக்கு மேல் ஏதோ சில எக்ஸான்கள் விடுபட்டிருக்கும், அல்லது இரட்டித்திருக்கும், அது இந்த டெஸ்டிலேயே தெரிந்துவிடும். தெரியாவிட்டால் எழுத்து எழுத்தாகப் படிக்கிற சீக்வென்சிங். இரண்டிலும் பிடிபடாவிட்டால்தான் தசையை வெட்டியெடுத்துப் பார்க்கிற பயாப்சி தேவைப்படும். யாராவது எடுத்த எடுப்பில் பயாப்சி என்றால், ஜீன் டெஸ்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா என்று கேளுங்கள். எந்த எக்ஸான் விடுபட்டது என்பது முக்கியம். மரபுச் செய்தியை மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும், விடுபட்டது மூன்றின் மடங்காக இருந்தால் நடுவில் கொஞ்சம் குறைந்தாலும் மீதி சரியாகப் படிக்கப்பட்டுக் குட்டையான ஒரு புரதம் உருவாகிவிடும், அவர்களுக்குப் பெரும்பாலும் வருவது பெக்கர் என்கிற மிதமான வகை. மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் அதற்குப் பிறகு எல்லாமே குழம்பிப் புரதமே வராது, அதுதான் டுஷென்.

அத்தை சொல்வதற்கும் ஊர் சொல்வதற்கும் வருகிறேன். இந்த ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. மகனுக்கு அப்பா கொடுப்பது ஒய், எக்ஸ் அம்மாவிடமிருந்து மட்டும்தான் வரும். உங்கள் கணவர் அத்தை மகனாக இருந்தாலும், முன்பின் தெரியாத ஊர்க்காரராக இருந்தாலும் இந்தப் பையனுக்கு இந்த நோயைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் இல்லை. சொந்தத்தில் கட்டுவதால் வாய்ப்புக் கூடுகிற தசை நோய்கள் வேறு இருக்கின்றன, இடுப்பையும் தோளையும் பிடிக்கிற சில வகைகள் பார்ப்பதற்கு இதே மாதிரி இருக்கும், அதையும் பிரித்துக் காட்டுவது ஜீன் டெஸ்ட்தான். டுஷென் என்று உறுதியானால் ஊர்ப்பேச்சு அதோடு முடிந்தது. "உன் அம்மா வீட்டு வழி" என்கிற பேச்சுக்கும் நேராகவே சொல்கிறேன். மூன்றில் ஒரு பங்கு பையன்களுக்கு இந்த மாற்றம் புதிதாக நேர்ந்தது, அம்மாவின் ரத்தத்தில் தேடினால் கிடைக்காது. மீதிப் பேருக்கு அம்மாவிடமிருந்து வந்திருக்கும். உங்களிடம் இருந்தாலும் நீங்கள் வேண்டுமென்று கொடுத்ததில்லை, சாப்பிட்டதாலோ சுமந்ததாலோ வந்ததும் இல்லை, செல் பிரியும்போது நேர்கிற பிசகு அது, யார் வீட்டிலும் நேரலாம். பையன்களில் ஏறக்குறைய ஐயாயிரத்துக்கு ஒருவருக்கு எல்லா நாட்டிலும், எல்லாச் சாதியிலும் வருகிறது. அத்தையை ஒரு தடவை ஜீன் ஆலோசனைக்குக் கூடவே கூட்டிப் போங்கள், டாக்டர் படம் போட்டுச் சொல்லும்போது அவரும் கேட்கட்டும்.

பையனின் ரிப்போர்ட் வந்த பிறகு உங்களுக்கும் அதே டெஸ்ட். உங்களுக்கு இருந்தால் அடுத்து தங்கச்சிக்கு. அவர் கல்யாணத்தை இதற்காக நிறுத்த வேண்டியதில்லை, மறைக்கவும் வேண்டாம், கர்ப்பமாவதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தெரிந்தால் மூன்றாவது மாத வாக்கிலேயே நஞ்சுக்கொடித் திசுவில் பார்த்துவிட முடியும். உங்களுக்கு இன்னொரு குழந்தை யோசனை இருந்தாலும் இது பொருந்தும், உங்கள் ரத்தத்தில் இல்லை என்று வந்தாலும்கூட, ஏனென்றால் சில சமயம் கருமுட்டைகளில் மட்டும் இந்த மாற்றம் இருக்கும். மகளுக்கு இப்போது அவசரமில்லை, அவள் வளர்ந்து தானே புரிந்து முடிவெடுக்கும் வயதில் பார்க்கலாம். உங்களுக்கு இருப்பது உறுதியானால் இதயத்துக்கு எக்கோ எடுத்துக்கொள்ளுங்கள், இந்த மாற்றத்தைச் சுமக்கிற பெண்களில் சிலருக்கு இதயத் தசை பாதிக்கப்படுவதுண்டு, இதை யாரும் அம்மாக்களுக்குச் சொல்வதில்லை.

எலிக்குக் குணமானது உண்மை, பல விதமாகக் குணமாகியிருக்கிறது. டிஸ்ட்ரோஃபின் இல்லாத அந்த எலி இனம் 1984-லிருந்து ஆராய்ச்சிக்கு இருக்கிறது, ஆனால் அந்த எலிகளின் தசை நன்றாகவே திரும்ப முளைக்கும், கிட்டத்தட்ட முழு ஆயுளும் ஓடியாடி இருக்கும், மனிதப் பிள்ளைகளைப் போல முடங்காது. எலியில் ஜெயித்தது பையன்களிடம் தோற்பதற்கு அது ஒரு பெரிய காரணம். மனிதர்களுக்கு எங்கே நிற்கிறது என்றால்: விடுபட்ட இடத்துக்குப் பக்கத்து எக்ஸானையும் தாண்டிப் படிக்க வைத்து, டுஷெனைப் பெக்கர் போல ஆக்கப் பார்க்கிற ஊசிகளில் முதலாவது 2016-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது 51-வது எக்ஸானைத் தாண்ட வைப்பது, நூறில் 13 பையன்களுக்குத்தான் பொருந்தும், அவர்களுக்கும் உண்டாகிற புரதம் மிகக் கொஞ்சம். அப்புறம் ஜீன் சிகிச்சை, பழுதில்லாத ஜீனை ஒரு வைரஸில் ஏற்றித் தசைக்கு அனுப்புவது. 1990-ல் இங்கிலாந்தில் ஒரு பெக்கர் நோயாளியைப் பற்றி எழுதினார்கள், டிஸ்ட்ரோஃபினில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக, 46 சதவீதம், இல்லாமலே 61 வயதிலும் நடந்துகொண்டிருந்தார். குட்டைப் புரதமே இவ்வளவு தாங்கும் என்று அவரால் தெரிந்தது, ஜீனைச் சுமந்து போகிற வைரஸில் முழுச் செய்திக்கு இடம் கிடையாது என்பதால் அந்தக் குட்டை வடிவத்தையே ஏற்றினார்கள். 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அப்போது விலை 32 லட்சம் டாலர். பெரிய ஆய்வில் எதிர்பார்த்த அளவு பலன் நிரூபணமாகவில்லை, 2025-ல், நடக்க முடியாத நிலையில் இருந்த இரண்டு பதின்வயதுப் பையன்கள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். கொழுப்பும் தழும்பும் நிரம்புவதைக் குறைக்கப் பார்க்கிற கிவினோஸ்டாட் என்கிற வாய்வழி மருந்து 2024-ல் அங்கே வந்திருக்கிறது, நான் வேலை செய்கிற பக்கமும் அதுதான், அதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. எப்போது என்று தேதி சொல்ல என்னால் முடியாதும்மா. வருகிற அன்று பையனுக்குத் தசை மிச்சமிருக்க வேண்டும், போன தசையை இதில் எதுவும் திருப்பித் தராது, அதனால்தான் மாத்திரையை விடாதீர்கள் என்று இவ்வளவு மன்றாடுகிறேன்.

மாடிப்படிப் பயிற்சியை இன்றே நிறுத்துங்கள். ஏறுவதைவிட இறங்குவது மோசம், இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது, சவ்வு அதிகம் கிழிவது அப்போதுதான். பாதயாத்திரையும் வேண்டாம், முருகனைப் பார்க்கப் பஸ்ஸில் போங்கள், மலைமேல் போக விஞ்சும் ரோப்காரும் இருக்கின்றன. ஆள் கூட நின்றால் நீச்சல் நல்லது, சமதரையில் விளையாட்டும் நல்லது, கால் வலிக்கிறது என்றால் உடனே உட்கார விடுங்கள். தினமும் காலையும் மாலையும் குதிகால் தசைநாணையும் கெண்டைக்கால் தசையையும் மெதுவாக நீட்டிவிட வேண்டும், ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கையைப் பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள், இரவில் போட கால் பட்டியும் கேளுங்கள். வலிக்க வலிக்கப் பிழிந்து தேய்க்கிற வைத்தியம் வேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவை எக்கோ, மூச்சுத் திறன் பரிசோதனை. இன்னொன்றை ஒரு அட்டையில் எழுதி அவன் பையிலும் உங்கள் பர்ஸிலும் வையுங்கள்: பல் பிடுங்குவதிலிருந்து எலும்பு முறிவு வரை எதற்கு மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும், டுஷென் இருக்கிறது, சக்சினைல்கோலின் என்கிற தசை தளர்த்தும் மருந்தைக் கொடுக்கக் கூடாது, முகர வைக்கிற மயக்க வாயுக்கள் வேண்டாம். அவை இந்தப் பிள்ளைகளுக்கு இதயத்தை நிறுத்திவிடக் கூடும்.

தசைச் சிதைவு 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் பெயரோடு இருக்கிறது. மதுரை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் போய் அடையாள அட்டைக்கும், தமிழக அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவிக்கும் மனுக் கொடுங்கள். பள்ளிக்கூடத்தில் வகுப்பு மாடியில் இருந்தால் கீழே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள், தலைமையாசிரியர் கேட்டால் அட்டையைக் காட்டலாம். பெரியாஸ்பத்திரி நரம்பியல் பிரிவில் தொடர்ந்து காட்டுங்கள், ஒரு தடவை பெங்களூரு நிம்ஹான்ஸிலோ வேலூர் சிஎம்சியிலோ முழுசாகப் பார்த்து வந்தால் இங்கே இருக்கிற டாக்டருக்கும் வழி எளிது.

ஜீன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எந்த எக்ஸானிலிருந்து எந்த எக்ஸான் வரை விடுபட்டது என்கிற அந்த வரியை மட்டும் எனக்கு எழுதுங்கள், பெயர், முகவரி எதுவும் வேண்டாம். அது எந்த ஆய்வுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று பார்த்துச் சொல்கிறேன். டாக்டருக்கு இன்னும் போன் செய்யாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள்.